கர்சர் எங்கே போய் நிற்கும்?

கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு வலது அம்புக்குறியைத் தட்டினால் கர்சர் ஒரு சொல்லைத் தாண்டும். ஆனால் எது ஒரு சொல்? ‘மழை-அளவு_2024’ என்ற கோப்புப் பெயரை நாம் ஒன்றாகத்தான் பார்க்கிறோம். நிரல் எழுதுவோர் பயன்படுத்தும் விம் என்ற எடிட்டரோ அதை மூன்றாக எண்ணுகிறது: மழை, நடுவில் உள்ள கோடு, அளவு_2024.

எடிட்டரிடம் அகராதி கிடையாது. ஒவ்வொரு எழுத்தும் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று மட்டும் அதற்குத் தெரியும். இடைவெளிக்கு 0, நிறுத்தற்குறிகளுக்கு 1, சொல்லெழுத்துகளுக்கு 2. சொல்லைத் தாண்ட உதவும் டபிள்யூ விசையைத் தட்டியதும் விம் தான் நிற்கும் எழுத்தின் வகுப்பைப் பார்க்கும், அது மாறும்வரை நகரும், இடைவெளி வந்தால் தாண்டும், அங்கே நிற்கும். ம, ழ, ை மூன்றும் 2. (ஐகாரக் குறி திரையில் ழகரத்துக்கு முன்னால் தெரிந்தாலும் சேமிப்பில் பின்னால்தான் இருக்கிறது.) அடுத்து வரும் கோடு 1, வகுப்பு மாறியதால் நிறுத்தம். அகரம் மறுபடி 2, இன்னொரு நிறுத்தம். அடிக்கோடும் இலக்கங்களும் 2 என்பதால் அதன்பிறகு தடையே இல்லை. இத்தனை எளிய விதி நாள் முழுக்க நம் கைக்கு அடங்கி வேலை செய்வது அழகு!

ஆகவே கர்சரின் தாவலை மாற்ற வேண்டுமென்றால் ஓர் எழுத்தை ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் போதும். விம்மில் சொல்லெழுத்துகளைப் பட்டியலிடும் ‘இஸ்கீவேர்ட்’ அமைப்பில் கோட்டைச் சேருங்கள், கோப்புப் பெயர் முழுதும் ஒரே தாவல். இதை ‘செட்லோக்கல்’ கட்டளையால், தேவையான கோப்பு வகைக்கு மட்டும் செய்வது நல்லது. எல்லா இடத்திலும் சேர்த்துவிட்டால் நிரலில் இடைவெளி விடாமல் எழுதிய கழித்தல் கணக்கும் ஒரே சொல்லாகிவிடும். நட்சத்திர விசையால் சொல்லைத் தேடுவதும் தானியங்கி நிரப்பலும் அதே பட்டியலை நம்புவதால் அவையும் மாறும். இன்னொன்று: அந்தப் பட்டியலில் ‘@’ என்றால் எல்லா அகரவரிசை எழுத்துகளும் என்று பொருள். அந்தக் குறியையே சேர்க்க ‘@-@’ என்று எழுத வேண்டும்.

விஎஸ் கோடு என்ற இன்னொரு எடிட்டரில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அங்கே ‘வேர்ட் செபரேட்டர்ஸ்’ அமைப்பில் பிரிப்பான்களின் பட்டியல் இருக்கிறது. அதில் இல்லாதவை, இடைவெளி தவிர, எல்லாம் சொல்லெழுத்து. நீங்கள் எழுதுவது பழைய பட்டியலோடு சேராது, அதன் இடத்தையே பிடித்துக்கொள்ளும். எனவே முழுப் பட்டியலையும் நகலெடுத்துத் திருத்துங்கள். அமைப்புக் கோப்பில் நேரடியாக எழுதினால் இரட்டை மேற்கோளுக்கும் பின்சாய்கோட்டுக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும். தமிழில் கட்டுரை எழுதுவோர் வளைந்த மேற்கோள்களையும் ‘…’ குறியையும் சேர்த்துக்கொள்ளலாம். இயல்பான பட்டியலில் அவை இல்லாததால் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும்.

தமிழுக்கு உண்மையான தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. எடிட்டரில் கூடுதலாக நிறுவும் பல நீட்சிகள் சொல்லைக் கண்டுபிடிக்கச் சுருங்குறித்தொடரில் (உரையில் தேட எழுதும் வடிவக் குறிப்பில்) ‘சொல்லெழுத்து’ என்று பொருள்படும் பின்சாய்கோடு-டபிள்யூவைப் பயன்படுத்துகின்றன. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் அது 63 எழுத்துகளை மட்டுமே அறியும்: ஆங்கில எழுத்து 52, இலக்கம் 10, அடிக்கோடு 1. பைத்தான் நிரல்மொழியின் ‘ஆர்ஈ’ தொகுப்பு த, ம, ழ போன்ற எழுத்துகளை அறியும், ஆனால் உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்ளாது. ‘தமிழ்’ என்று கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டு கிடைக்கும்! இப்படிப்பட்ட விதியோடு சொல்லை அழித்தால் ‘தம’ போய், இகரக் குறி மட்டும் ஒரு புள்ளி வட்டத்தில் தொங்கும். குறிகள் தமக்கு முந்தைய எழுத்தோடு சேர்ந்தே நிற்க வேண்டும் என்று யூனிகோடின் சொல்லெல்லை விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. தமிழ்க் கணிமைக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கு, இந்த மாதிரிச் சொற்களைக் கொண்ட சோதனைத் தொகுப்புகளுக்குப் போக வேண்டும்.

பைத்தானில் சதுர அடைப்புக்குள் பின்சாய்கோடு-டபிள்யூவோடு யூனிகோடில் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரையுள்ள தமிழ்த் தொகுதியையும் சேர்த்தால் ‘தமிழ்’ உடையாமல் வரும். உங்கள் எடிட்டரில் புது நீட்சி எதையாவது நிறுவினால் முதலில் அந்த ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து, ஒரே தாவலில் கர்சர் கடக்கிறதா என்று பாருங்கள்.