ஃபெலோஷிப்: மாட்டில் தொடங்கிய சொல்

எலும்பு மருத்துவர் பலரின் பெயர்ப்பலகையில் எம்.எஸ். (ஆர்த்தோ) என்பதற்குக் கீழே ‘ஃபெலோஷிப் இன் ஸ்போர்ட்ஸ் மெடிசின்’ என்று ஒரு வரி இருக்கும். கபடியில் முட்டி ஜவ்வு கிழிந்து வந்தவரும் பார்ப்பார், பைக்கிலிருந்து விழுந்து அதே ஜவ்வைக் கிழித்துக்கொண்டவரும் பார்ப்பார். அது என்ன படிப்பு என்று இருவருக்கும் தெரியாது.

எலும்பு அறுவையில் முதுநிலை முடித்த மருத்துவர், ஒரே கிளையில் கை தேர்வதற்காக வல்லுநர் ஒருவரிடம் போய்ச் சேர்வதுதான் அது. அமெரிக்காவில் 5 ஆண்டு ரெசிடென்சிக்கு (மருத்துவமனையில் வேலை பார்த்தபடியே பெறும் முதுநிலைப் பயிற்சி) அப்புறம் பெரும்பாலும் 1 ஆண்டு. ஜவ்வு அறுவையையே எடுத்துக்கொள்ளுங்கள்: முட்டிக்குள் நுழைக்கும் கேமராக் குழாய் சுமார் 4 மி.மீ. தடிமன். ஒரு துளையில் கேமரா, இன்னொன்றில் கருவி. கண் எப்போதும் திரையில்தான். படித்து வருகிற வித்தை இல்லை இது. முதலில் நோயாளியின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்புறம், புது ஜவ்வாக வைக்கத் தொடையிலிருந்து எடுத்த தசைநாணைச் சீவித் தையல் போட்டுத் தர வேண்டும். பெரியவர் பக்கத்தில் நிற்க, தானே துளை போடும் நாள் பிறகுதான் வரும்.

‘ஃபெலோ’ என்ற சொல்லின் வேர், ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியின் ‘ஃபேலாகி’. ‘ஃபே’ என்றால் கால்நடை, செல்வம். அடுத்த பாதிக்கு ‘வைத்தல்’ என்று பொருள். கூட்டு வணிகத்தில் பங்கு வைத்தவன் ஃபேலாகி. தமிழிலும் மாடு என்றால் செல்வம்தான். கல்வியைத் தவிர ‘மாடல்ல மற்றை யவை’ என்கிறது குறள் (400).

பங்காளி பிறகு தோழனானான், தோழன் கல்விச் சபையின் உறுப்பினனானான். ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் என்ற அறுவை மருத்துவர் சபையின் எஃப்.ஆர்.சி.எஸ்.ஸில் வரும் ‘எஃப்’ (ஃபெலோ) இந்தக் கடைசி ஆள்.

தமிழில் என்ன சொல்வது? தேவாலயத்தில் அது ஐக்கியம். ஆய்வு மாணவருக்குக் கிடைக்கும் பணம் என்றால் உதவித்தொகை, நல்கை. அந்தப் பழக்கத்தில் மருத்துவருடையதையும் ‘உதவித்தொகை பெற்றார்’ என்று எழுதினால் அபத்தம். ‘சிறப்புப் பயிற்சி’ தவறில்லை, ஆனால் இரண்டு நாள் பட்டறைக்கும் அதே பெயர்தான். என் தேர்வு ‘மேற்பயிற்சி’: மூட்டு, விளையாட்டுக் காய அறுவையில் மேற்பயிற்சி. பயில்பவர் மேற்பயிற்சி மருத்துவர். ‘மேல்’ விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் ‘பயிற்சி மருத்துவர்’ என்றால் எம்.பி.பி.எஸ். தேர்வு எழுதிய கையோடு வார்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஹவுஸ் சர்ஜன்.