பயந்த முயலின் குடலுக்குள் என்ன நடக்கிறது?

"வளர்ப்பு முயல் மேல் நாய் பாய்ந்துவிட்டது. உடனே பிடுங்கிவிட்டோம், ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மாலையிலிருந்து மூலையில் குறுகி உட்கார்ந்திருக்கிறது, எதையும் தின்னவில்லை. பயம் தெளிந்தால் சரியாகிவிடும்தானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பயம் தெளியும். ஆனால் அதுவரை முயலின் குடல் பொறுத்திருக்காது. இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயம் வந்தால் என்ன ஆகும் என்பது பள்ளிப் பாடம்தான். அட்ரினலின் சுரக்கும், இதயம் படபடக்கும், இரத்தம் தசைகளுக்குப் பாயும், செரிமானம் ஒதுங்கி நிற்கும். நமக்கு ஒருவேளைப் பசி போகும், அவ்வளவுதான். முயலுக்கு உயிரே போகலாம். ஏன் என்று தெரிய அதன் பெருங்குடலைப் பார்க்க வேண்டும். விலங்குகளின் உடலில் எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடுகளில் ஒன்று அங்கேதான் இருக்கிறது.

புல்லில் எளிதில் செரிக்காத நீண்ட நாரும் உண்டு, நொதிக்க வைத்துச் சத்தெடுக்கக்கூடிய பகுதியும் உண்டு. மாடு எல்லாவற்றையும் வயிற்றில் போட்டு நிதானமாக அசைபோடும். ஓடித் தப்ப வேண்டிய முயலுக்கு அவ்வளவு பாரம் சுமக்க முடியாது. அதனால் அது நாரைச் சீக்கிரம் வெளியே தள்ளிவிட்டுச் சத்துள்ளதை மட்டும் நிறுத்திக்கொள்கிறது.

சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் சீக்கம் என்ற பை இருக்கிறது. பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கும் வேலை அங்கே நடக்கிறது. முயலின் செரிமானப் பாதையில் ஏறக்குறைய 40 சதவீதம் அதுதான். அதை அடுத்த பெருங்குடல் பகுதியின் சுவர் சின்னச் சின்னப் பைகளாக மடிந்திருக்கும். அங்கே நீர் சுரக்க, நீண்ட நார்கள் நடுவே திரண்டு முன்னால் நகரும். நுண்துகள்களும் நீரும் ஓரத்து மடிப்புகளில் தங்கும். உடனே அந்த மடிப்புகளில் எதிர்த்திசையில் சுருக்க அலைகள் ஓடி, துகள்களைத் திரும்பவும் சீக்கத்துக்கே தள்ளிவிடும். ஒரே குழாயில், ஒரே நேரத்தில், நார் முன்னால் போகிறது, துகள் பின்னால் வருகிறது! முறத்தில் புடைக்கும்போது உமி வெளியே பறக்க, மணி உள்ளே நிற்பது போல.

முன்னால் போன நார் அடுத்து ஃபியூசஸ் கோலை என்ற பகுதிக்கு வரும். தசை தடித்து நரம்புகள் அடர்ந்த சில சென்டிமீட்டர் துண்டு அது. முயல் இனத்துக்கே உரியது. பெருங்குடலின் தாளத்தை நடத்துவதும் இதுதான். நாரிலிருந்து நீரைப் பிழிந்தெடுத்து உருண்டைப் புழுக்கை ஆக்கிவிடும். நல்ல புழுக்கையை விரல்களுக்கிடையே நசுக்கிப் பாருங்கள். உலர்ந்த தூளாக உதிரும், உள்ளே புல் நார் தெரியும், நாற்றம் அநேகமாக இருக்காது.

சில மணி நேரம் கழித்துத் தாளம் மாறும். பின்னோக்கிய அலைகள் அடங்கும். சீக்கத்தில் நொதித்தது சளி போர்த்திய, மெத்தென்ற, பளபளப்பான உருண்டைகளாக வரும். முயல் குனிந்து, ஆசனவாயிலிருந்தே நேராக எடுத்து மெல்லாமல் விழுங்கிவிடும். புரதமும் பி வைட்டமின்களும் இப்படித்தான் உடம்பில் சேர்கின்றன. இதை 1882-இல் மோரோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் எழுதிவைத்தார். அருவருக்க இதில் ஒன்றுமில்லை, முயலின் பாதிச் சமையல் அங்கேதான் நடக்கிறது.

இவ்வளவு நுட்பமான தாளத்தைத்தான் பயம் கலைக்கிறது. அட்ரினலின் ஏறினால் குடலின் அசைவு மந்தமாகும். வயிற்றில் இருப்பது நீர் வற்றி இறுகும், வாயு சேரும், குடல் உப்பி வலிக்கும். வலி மறுபடி அட்ரினலினை ஏற்றும், பசியை அடைக்கும். தின்னாத முயலின் குடலுக்குள் புது நார் வராது, நார் வராவிட்டால் குடல் அசையாது. உடல் கொழுப்பைக் கரைக்கத் தொடங்க, அது கல்லீரலில் போய்ப் படியும். முயலால் வாந்தியும் எடுக்க முடியாது. 12 மணி நேரம் தின்னாத முயலை அவசர நோயாளியாகவே நினைக்க வேண்டும். புழுக்கை சிறுத்து, கோணலாகி, குறைவது முதல் எச்சரிக்கை.

மருத்துவர் முதலில் வலியைத்தான் தணிப்பார், அப்புறம் நீரேற்றுவார், குடலில் அடைப்பு இல்லை என்று உறுதியானால் ஊசிக்குழலால் கூழ் ஊட்டச் சொல்வார். வலியைக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை, ஏனென்றால் இரையாகும் விலங்கு வலியை மறைக்கும். பாதி மூடிய கண், தட்டையான கன்னம், கூம்பிய மூக்குத்துளை, விறைத்த மீசை, பின்னால் படிந்த காது ஆகியவற்றைக் கொண்டு முயலின் முகத்தில் வலியை அளக்கும் முறை 2012-இல்தான் வெளியானது. முயலின் கண்ணில் வேதிப்பொருளை விட்டுப் பார்க்கும் டிரெய்ஸ் சோதனையோ 1944-இலேயே வந்துவிட்டது. முயலை வைத்து ஆராயக் கிடைத்த பணத்தில் ஒரு பங்காவது முயலுக்காக ஆராயவும் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மங்கலான வெளிச்சம், அமைதி, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, எட்டும் தூரத்தில் உலர்புல், தண்ணீர். காது சில்லிட்டிருந்தால் இதமான சூடு கொடுங்கள். ஜோடி முயல் இருந்தால் பிரிக்காதீர்கள், மருத்துவரிடமும் சேர்த்தே கொண்டுபோங்கள். மல்லாக்கப் படுக்க வைத்தால் முயல் சொக்கி அமைதியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். வேட்டை விலங்கின் பிடியில் சிக்கியதும் செத்ததுபோல் கிடக்கும் பயத்தின் உச்சம் அது. தூக்கும்போது பின்னங்கால்களுக்கு அடியில் கை கொடுக்க வேண்டும். மெல்லிய எலும்பும் வலுத்த தொடைத் தசையும் உள்ள முயல், ஓங்கி உதைத்தே தன் முதுகெலும்பை முறித்துக்கொள்ளும்.

கீறல் இல்லை என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். அடர்ந்த ரோமத்துக்குள் பல் பதிந்த சிறு துளை தெரியவே தெரியாது. அதற்காக வீட்டில் கிடக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தை வாயில் ஊற்றிவிடக் கூடாது. சீக்கத்து நல்ல பாக்டீரியாக்கள் செத்து, நச்சுண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா பெருகிவிடும். முயலைப் பார்த்துப் பழகிய மருத்துவரே மருந்தைத் தேர்ந்தெடுக்கட்டும். புழுக்கை திரும்ப விழத் தொடங்கும்போது முதலில் சிறிதாக, சில சமயம் சளி ஒட்டி வரும். பழைய அளவுக்கு வரும்வரை தினமும் எடை பாருங்கள். வலி மருந்தை நடுவில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.