பெல்லட்டின் எடை என்ன செய்கிறது?

ஏர் ரைஃபிள் விளம்பரங்களில் பெரிதாகக் கண்ணில் படுவது வேகம்தான். பல நேரம் அது லேசான பெல்லட்டை, அதாவது அதில் சுடும் சிறு குண்டைப் போட்டு, குழல் வாயில் அளந்த வேகம். இலக்கைத் தொடும்போது அதில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பது பெல்லட்டின் எடையைப் பொறுத்தது.

பெல்லட்டின் எடையை கிரெயினில் சொல்வார்கள். 1 கிரெயின் சுமார் 0.065 கிராம். ஒரு பெல்லட்டை விரலில் எடுத்துப் பாருங்கள்: கனமான தலை, ஒடுங்கிய இடுப்பு, பின்னால் உள்ளே வெற்றிடமான பாவாடை. அழுத்தம் பட்டதும் அந்த மெல்லிய பாவாடை விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், காற்று கசியாது. வெளியே வந்தபின் அதே பாவாடை காற்றில் இழுபட, இறகுப்பந்து போலத் தலை முன்னாலேயே நிற்கும். ஆனால் இந்த வடிவத்தால் காற்றுத்தடையும் அதிகம்.

சரி, கணக்குக்கு வருவோம். 16 ஜூல் ஆற்றல் தரும் ஒரு துப்பாக்கி. அதில் 0.5 கிராம் பெல்லட் நொடிக்குச் சுமார் 253 மீட்டர் வேகத்தில் கிளம்பும், 0.7 கிராம் பெல்லட் 214 மீட்டரில். தடை விசை ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆகவே ஒரே அளவு, ஒரே வடிவம் என்றால் லேசான பெல்லட்டின் மேல் 1.4 மடங்கு தடை. அதன் எடையோ குறைவு, அதனால் இன்னொரு 1.4 மடங்கு பாதிப்பு. மொத்தத்தில் கிளம்பிய உடனே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரைவாக அது வேகத்தை இழக்கிறது. கிட்டத்தில் லேசானது நேராகப் போகும், உண்மைதான். தூரம் கூடக் கூட, ஆற்றலை விடாமல் வைத்திருப்பது கனமானதுதான். பக்கக் காற்றிலும் அது குறைவாகவே விலகும்.

ஆனால் எந்த பெல்லட்டைப் போட்டாலும் ஒரே ஆற்றல்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை அமுக்குகிறது. மிக லேசான பெல்லட் சீக்கிரமே நகர்ந்துவிட்டால், பிஸ்டனைத் தாங்கப் போதுமான காற்று முன்னால் இருக்காது. அது சிலிண்டர் முனையில் போய் மோதும். ஸ்பிரிங்குக்கும் சீலுக்கும் இது நல்லதல்ல. மிகக் கனமானது நகரத் தாமதித்தால், ஏறிய அழுத்தம் பிஸ்டனையே பின்னால் தள்ளிவிடும். ஆக, இதற்கு நடுத்தர எடைதான் ஒத்துவரும். முன்கூட்டியே காற்று அடைத்து வைக்கும் பிசிபி வகையில் கதை வேறு: கனமான பெல்லட் குழலுக்குள் கூடுதல் நேரம் இருக்கும், காற்றும் அவ்வளவு நேரம் அதைத் தள்ளும், ஆற்றல் ஏறும்.

வேகத்துக்கு இன்னொரு எல்லையும் உண்டு. 20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். அதை நெருங்கும்போதே தடை திடீரென்று எகிறும், பெல்லட் தடுமாறத் தொடங்கும். குறி முக்கியம் என்றால் அந்தப் பக்கமே போகக் கூடாது என்பது என் கருத்து.

10 மீட்டர் போட்டியாளர்கள் தட்டைத் தலை பெல்லட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். காகிதத்தில் அது சுத்தமான வட்டத் துளை போடும். அதன் எடை 0.53 கிராம் அளவில் இருக்கும், வேகம் நொடிக்கு 170 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரைக் கடப்பதற்குள் அது சுமார் 17 மில்லிமீட்டர் கீழே இறங்கும். அதே டப்பாவில் இன்னொன்று 0.01 கிராம் கூடுதலாக இருந்தால், அதே ஆற்றலில் இன்னும் 0.3 மில்லிமீட்டர் இறங்கும். ரைஃபிள் இலக்கில் பத்துக்கான புள்ளியின் விட்டமே 0.5 மில்லிமீட்டர்தான்.