கட்டளை ஊசி அல்ல, கட்டளை இடைச்செருகல்

நமக்காகத் தாமே கட்டளைகளை இயக்கும் ஏஐ முகவர்களின் பாதுகாப்பு ஓட்டை பற்றித் தமிழில் எதைத் திறந்தாலும் 'கட்டளை ஊசி' என்ற சொல் வந்து நிற்கிறது. 'கமாண்ட் இன்ஜெக்‌ஷன்' என்பதற்கு மொழிபெயர்ப்புக் கருவி கொடுத்ததை யாரும் திருத்தவில்லை, அவ்வளவுதான். ஊசி ஒரு பொருள். இங்கே பெயர் தேவைப்படுவது ஒரு செயலுக்கு.

மூலம் லத்தீன்: 'உள்ளே எறிதல்'. மருத்துவம் அதை மருந்தேற்றுவதற்கு எடுத்துக்கொண்டது. கணினித்துறை, தரவின் தோலுக்குள் கட்டளையை மறைத்து அனுப்புவதற்கு எடுத்துக்கொண்டது. மைட்டர் நிறுவனத்தின் மென்பொருள் பலவீனப் பட்டியலில் இதன் எண் 77; இயக்குதளக் கட்டளைக்கான வகையின் எண் 78.

ஊசி தவறு என்று உணர்ந்தவர்கள் 'உட்செலுத்தல்' என்கிறார்கள். எனக்கு இதிலும் உடன்பாடில்லை. எந்த நிரலுக்குள்ளும் தரவு நாள் முழுக்கச் செலுத்தப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது, அது குற்றமில்லை. உள்ளே வந்த அயல் வரி, உரியவர் எழுதிய வரியாகவே எண்ணப்பட்டு நிறைவேற்றப்படுவதுதான் கோளாறு. 'உட்செலுத்தல்' அந்த ஆள்மாறாட்டத்தைச் சொல்வதே இல்லை.

கட்டளை தட்டும் திரையில் இயங்கும் ஏஐ முகவரான ஜெமினி சிஎல்ஐ-யில் நடந்ததைப் பாருங்கள். கூகுள் அதை 2025 ஜூனில் வெளியிட்ட சில நாளிலேயே ட்ரேஸ்பிட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஓட்டையைக் கண்டார்கள். ஷெல் (கட்டளை வரிகளை வாங்கி ஓட்டும் நிரல்) கட்டளையை இயக்குமுன் முகவர் நம்மிடம் ஒப்புதல் கேட்கும்; 'எப்போதும் அனுமதி' என்றால் அந்தக் கட்டளை அனுமதிப்பட்டியலில் ஏறிவிடும். கோப்புக்குள் சொல் தேடும் 'கிரெப்'பை அப்படி ஏற்ற யாரும் தயங்கமாட்டார்கள். ஆய்வாளர்கள் நிரலோடு வரும் அறிமுகக் குறிப்பான ஒரு ரீட்மீ கோப்பில், நீண்ட உரிம வாசகத்துக்கு நடுவே, முகவருக்கான ஏவலைப் பதுக்கினார்கள். முதல் முறை வெறும் கிரெப். அடுத்த முறை கிரெப், ஓர் அரைப்புள்ளி, அதன்பின் சூழல் மாறிகளை (நிரல்களுக்காகக் கணினி வைத்திருக்கும் அமைப்பு மதிப்புகள்) திரட்டி, இணையத்தில் தரவு அனுப்பும் 'கர்ல்' வழியாக வெளி சர்வருக்கு அனுப்பும் கட்டளை. சரிபார்ப்பு முதல் சொல்லோடு நின்றுவிட்டது. ஷெல்லுக்கோ அரைப்புள்ளி என்றால் 'இது முடிந்தது, அடுத்ததைச் செய்'. இடையே நிறைய வெற்றிடம் விட்டிருந்ததால் திரையிலும் பின்பாதி கண்ணில் படவில்லை. சூழல் மாறிகளில் ஏபிஐ சாவிகள் (இணையச் சேவைகளுக்கான ரகசியக் குறிகள்) இருக்கும் என்பதால் இழப்பு சிறியதல்ல. ஜூலையில் வந்த 0.1.14 பதிப்பு இதை அடைத்தது.

இதற்குத் தமிழில் பழைய சொல் காத்திருக்கிறது: இடைச்செருகல். பிறர் எழுதிய பாட்டு கம்பன் பாட்டுகளுக்கு நடுவே புகுந்து கம்பன் பெயரிலேயே உலவியதை அப்படித்தான் சொல்கிறோம். பதிப்பாசிரியர்கள் அவற்றை மிகைப்பாடல்கள் என்று பிரித்து வைத்தார்கள். கிரெப்புக்குக் கிடைத்த ஒப்புதலில் கர்ல் ஓடியதும் அதே கதைதான். எங்கே பார்க்கவேண்டும் என்பதையும் இந்தச் சொல்லே காட்டுகிறது: ஒட்டுகளில். கட்டளைகளைப் பிணைக்கும் ; && || | $( ) பேக்டிக் (`), புதுவரி ஆகிய ஒவ்வோர் ஒட்டிலும் வரியைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ஷெல்லைத் தொடாமல் கட்டளையையும் அதன் உள்ளீடுகளையும் தனித்தனிக் கூறுகளாக இயக்கினால் இன்னும் நல்லது. ஒப்புதல் கேட்கும்போது முழு வரியையும், வெற்றிடத்தைச் சுருக்கி, காட்ட வேண்டும். ('ஃபைண்ட்' கட்டளை தன் எக்ஸெக் தெரிவாலேயே வேறு நிரலை ஓட்டும், அது வேறு வகைக் குறை. அதை அனுமதிப்பட்டியலில் ஏற்றவே கூடாது.)

ஒப்புதல் என்ற சொல்லுக்கும் இதே கதிதான். 'அப்ரூவல்', 'ஆதென்டிகேஷன்', 'ஆதரைசேஷன்' மூன்றையும் 'அங்கீகாரம்' என்று எழுதித் தள்ளுகிறார்கள். 'அங்கீகாரத்தைத் தாண்டியது' என்று படிப்பவர், கடவுச்சொல் களவு போனதாகவே நினைப்பார். நீங்கள் யார் என்பது அடையாளச் சரிபார்ப்பு, உங்களுக்கு என்ன உரிமை என்பது அனுமதி, இந்த ஒரு செயலுக்குச் சம்மதமா என்பது ஒப்புதல். ஓட்டை இருந்தது மூன்றாவதில்.

'செருகுநிரல்' என்று 'பிளக்இன்'னுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதே, குழம்பாதா என்று கேட்கலாம். 'கட்டளைச் செருகல்' என்று குறுக்கினால் குழம்பும்தான். அதனால் 'இடை'யை விடாமல் எழுத வேண்டும்: தரவுத்தள மொழியில் எஸ்க்யூஎல் இடைச்செருகல், கட்டளை இடைச்செருகல், 2022இல் நிரலாளர் சைமன் வில்லிசன் பெயரிட்ட ப்ராம்ப்ட் (ஏஐ-க்குத் தரும் ஏவல்) இடைச்செருகல்.