'நீடுவாழ் வார்' ஏன் இரண்டாக உடைகிறது?

"'நீடு வாழ்வார்' என்பதுதானே சரி? திருக்குறள் பதிப்புகளில் 'நீடுவாழ் வார்' என்று பிரித்து அச்சிடுவது ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அது அச்சுப்பிழை அல்ல. செய்யுளின் ஓசை அலகான சீர் அங்கே பிரிந்திருக்கிறது.

மலர்மிசை ஏகினான் மாணடி சேர்ந்தார்
நிலமிசை நீடுவாழ் வார்

சீரை அசைகளாக, அதாவது சிறு ஓசைத் துண்டுகளாக, பிரிப்பது பள்ளிப் பாடம். தனிக்குறிலும் நெடிலும் நேர். குறில் இணைந்தாலும் குறிலோடு நெடில் சேர்ந்தாலும் நிரை. பின்னால் வரும் ஒற்றுக்கு, அதாவது புள்ளி வைத்த மெய்யெழுத்துக்கு, தனிக்கணக்கு இல்லை. பலர் தடுக்குவது ஓரிடத்தில்தான்: ஒற்றடுக்காத குறில், அதே சீரில் அடுத்து வரும் எழுத்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். ஆகவே ஏ/கினான், நேர் நிரை; இந்த அமைப்புக்குப் பெயர் கூவிளம். ஏ/கி/னான் என்று மூன்றாக உடைத்தால் தவறு.

குறள் வெண்பா வகைச் செய்யுள். வெண்பாவின் அழகு சீர்களுக்கு நடுவே, தளை எனப்படும் இணைப்பில் இருக்கிறது. இரண்டு அசையில் நேரில் முடிவது மாச்சீர், நிரையில் முடிவது விளச்சீர்; மூன்று அசையில் நேரில் முடிவது காய்ச்சீர். மாச்சீருக்குப் பின் நிரை வரவேண்டும். விளச்சீருக்குப் பின்னும் காய்ச்சீருக்குப் பின்னும் நேர். மேலே உள்ள குறளில் மலர்மிசை, ஏகினான், மாணடி மூன்றும் விளம். மூன்றையும் நேரசையே தொடர்கிறது. 'சேர்ந்தார்' மட்டும் தேமா (நேர் நேர்). பாருங்கள், சரியாக அங்கேதான் 'நில' என்று நிரையில் தொடங்குகிறது இரண்டாம் அடி! பிறகு மறுபடியும் விளம், நேர், விளம், நேர்.

இப்போது 'நீடு வாழ்வார்' என்று எழுதிப் பாருங்கள். 'நீடு' தேமா, அடுத்து 'வாழ்' நேர்: தளை தட்டுகிறது. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு ஓசை அமைப்புகளில் ஒன்றாகவே இருக்கவேண்டும். 'வாழ்வார்' அதிலும் அடங்காது. 'வார்' மட்டும் தனித்து நின்றால் 'நாள்' (ஒரே ஒரு நேரசை) ஆகிறது, கணக்கு நேராகிறது.

ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. பழைய எழுத்துமுறையில் எகரத்தை ஏகாரத்திலிருந்து பிரித்துக் காட்டியது அந்தப் புள்ளிதான். ஆகவே எகரமா ஏகாரமா என்பது எழுத்தைப் பார்த்துத் தெரியாது. 'எகினான்' என்று படித்தால் எகி/னான், புளிமா (நிரை நேர்). விளத்தின்பின் நிரை வந்துவிட்டது. பொருளுக்குப் போகாமலே, அந்த வாசிப்பு தவறு என்று தளை காட்டிக்கொடுக்கிறது. சுவடிகளைப் படமெடுத்து வைப்பதற்குச் செலவிடும்போது, இந்தச் சோதனையைச் செய்யும் மென்பொருளுக்கும் நிதி ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விதிகள் ஆயிரம் ஆண்டுகளாகத் தெளிவாக இருக்கின்றன.

எல்லாப் பிழையும் இதில் சிக்காது. 'சேர்ந்தார்' இருக்கும் இடத்தில் ஒருவர் 'சார்ந்தார்' என்று எழுதிவைத்தால் அதுவும் தேமாதான், தளை தட்டாது. அங்கே மற்ற ஏடுகளையும் பழைய உரைகளையும் ஒப்பிட்டே முடிவு செய்யவேண்டும்.