சொல் விளக்கம்: அயல் விழிப்புக் குழு

எங்கள் ஒழுங்கை முகப்பில் இருக்கும் சனசமூக நிலையப் பலகையில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது: 'சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டம், ஞாயிறு மாலை 4 மணி.' வாசித்துச் சொன்னதும் அம்மம்மா கேட்டார்: "ஆர் அது, ஆமிக்காரரோ?"

ஆமி இல்லை. வாள்வெட்டு, தண்ணீர்ப் பம்பித் திருட்டு பற்றி அயலவர்கள் பொலிஸாரோடு கதைக்கும் கூட்டம்தான். இப்படியான குழுவுக்குப் பொருத்தமான தமிழ்ப் பெயர் என்ன என்பதுதான் இங்கே கேள்வி. ஆனாலும் அம்மம்மாவில் பிழை சொல்ல மாட்டேன். 'பாதுகாப்பு' என்றதும் யாழ்ப்பாணத்தில் நினைவுக்கு வருவது பாதுகாப்பு அமைச்சு, இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். முன்னால் 'சிவில்' போட்டும் பயனில்லை. 1980களில் அரசு துவக்குக் கொடுத்து உருவாக்கிய ஊர்காவல் படைதான் 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக மாறியது.

சிவில் என்பதன் வேர் இலத்தீனில் குடிமகனைக் குறிக்கும் 'சிவிஸ்'. அந்தப் பொருளில் 80களில் இங்கே பிரஜைகள் குழுக்கள் இருந்தன. ஆமியிடம் பிடிபட்ட பிள்ளைகளைத் தேடி முகாம் வாசலுக்குப் போனவர்கள் அவர்கள்.

இப்போதைய குழுக்களை ஒத்தது, அயலவர்களே தங்கள் தெருக்களைக் கவனித்துப் பொலிஸுக்குச் சொல்லும் 'நெய்பர்ஹூட் வாட்ச்'. 1972இல் அமெரிக்க ஷெரிப்கள் சங்கம் தொடங்கியது. 1982இல் இங்கிலாந்தின் மொலிங்டன் கிராமத்துக்கு வந்தது. 'வாட்ச்' என்ற சொல்லுக்கும் விழித்தெழுவதைக் குறிக்கும் 'வேக்' என்பதற்கும் வேர் ஒன்றே. அதாவது அடிப்படைப் பொருள் விழித்திருப்பது.

அப்படியானால் ஊர்க்காவல் என்றே சொல்லலாமே? பழைய, அழகான சொல். நள்ளிரவில் தெருவெல்லாம் மழைநீர் ஓடும்போதும் சோர்வில்லாமல் சுற்றிவரும் 'ஊர்காப்பாளர்' மதுரைக்காஞ்சியிலேயே வருகிறார்கள். எங்கள் ஊர்காவற்றுறையின் பெயரிலும் ஊரும் காவலும் தெரிகின்றன. (அதில் அதிகம் தொங்கவேண்டாம், 12ஆம் நூற்றாண்டு அரசன் பராக்கிரமபாகுவின் நயினாதீவுக் கல்வெட்டில் அந்த இடம் ஊராத்துறை.) ஆனால் ஊர்காவல் படை அந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டது. சரி, அது போகட்டும்.

மிஞ்சுவது 'அயல்'. தமிழ்நாட்டில் அக்கம்பக்கம் என்பதை நாங்கள் அயல், அயலட்டை என்போம். அயல்நாடு என்னும்போது இதே சொல் வெளியைக் குறிப்பதால் 'அயல் காவல்' என்று எழுதினால் சென்னையில் வாசிப்பவர் வெளிநாட்டுப் படையோ என்று நினைக்கக்கூடும். எனக்குக் 'காவல்' வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. இந்தக் குழுவின் வேலை பிடிப்பதோ அடிப்பதோ இல்லை. கண்டதைக் குறித்துக்கொண்டு பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழைப்பது. ஆகவே என் தெரிவு: அயல் விழிப்புக் குழு.

இதில் பாதி ஏற்கெனவே ஊர்வாயில் இருக்கிறது. உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இரவில் வருகிறார்கள் என்று 2011இல் கிறீஸ் பூதப் பீதி பரவிய நாட்களில் இளைஞர்கள் படலையடியில் இரவிரவாக இருந்தார்கள். அப்போது யாரும் பாதுகாப்பு என்று சொல்லவில்லை, "இண்டைக்கு ஆர் முழிப்பு?" என்றுதான் கேட்டார்கள்.

அம்மம்மாவிடம் புதுப்பெயரைச் சொல்லிப் பார்த்தேன். "ஓ, பூதத்துக்கு முழிச்சிருந்த மாதிரியோ? அப்ப தேத்தண்ணிக்குச் சீனி ஆர் வாங்குறது?"