அயலவரின் கடலும் எங்கள் கரையும்

தென்மேற்குக் காற்றான சோளகம் ஓய்ந்து வடகிழக்குக் காற்றான வாடை வீசத் தொடங்கிய பின் யாழ்ப்பாணத் தீவகக் கரைகளில் சாதாழை என்னும் கடற்தாவரம் குவியல் குவியலாக ஒதுங்கும். தோட்டத்துக்குப் பசளையாக அதை அள்ளுபவர்கள் இப்போது அதற்குள் சிக்கிக் கிடக்கும் நைலோன் வலைத் துண்டுகளையும் போத்தல் மூடிகளையும் முதலில் பொறுக்கி எறியவேண்டியிருக்கிறது. அந்த வலை வல்வெட்டித்துறையில் கிழிந்ததா, நாகபட்டினத்தில் கிழிந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. கடலின் அமைப்பே அப்படி.

எங்கள் கரைக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே கிடக்கும் பாக்கு விரிகுடாவில் கடல் என்ற பெயருக்குரிய ஆழம் இல்லை. பெரும்பாலான இடங்களில் அது 15 மீற்றருக்கும் குறைவு. நன்கு வளர்ந்த தென்னை ஒன்றை அங்கே நட்டால் அதன் வட்டு தண்ணீருக்கு மேலே தெரியும். தெற்கே ஆதாம் பாலத்தின் மணற்றிட்டுகள் அதை மன்னார் வளைகுடாவிலிருந்து பாதி மறிக்கின்றன. வடகிழக்கே பாக்கு நீரிணை வங்காள விரிகுடாவுக்குத் திறந்திருக்கிறது. வாடைக் காலத்தில் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் நீரிணை வழியே உள்ளே இறங்கும். சோளகக் காலத்தில் ஓட்டம் மாறி, தெற்கிலிருந்து வடக்கே ஏறும். இவ்வாறு ஆண்டுக்கு இருமுறை திசை மாறும் நீரில் ஒரு கரையார் விடுவது மறுகரையாருக்குப் போய்ச் சேருவதற்கு ஒரு பருவக்காற்றே போதும்.

1974 யூன் மாதத்தில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கை இந்த நீரின் நடுவே ஓர் எல்லைக்கோட்டை வரைந்தது. 1976இல் அது மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நீட்டப்பட்டது. இரு நாடுகளின் உரிமையை அக்கோடு பிரித்தது. நீரையோ மீனையோ பிரிக்கவில்லை. கோடு வரையப்பட்ட அதே 1974இல்தான் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம், ஒரு கடலைச் சுற்றியிருக்கும் நாடுகளைக் கூட்டாகச் செயற்பட வைக்கும் பிராந்தியக் கடல்கள் திட்டத்தைத் தொடங்கியது. 1982ஆம் ஆண்டின் கடற்சட்டச் சமவாயமும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாடுகள் சூழ்ந்த கடல்களில் அந்நாடுகள் ஒத்துழைக்க முயலவேண்டும் என்று கூறுகிறது. ஒத்துழைக்காத நாட்டை என்ன செய்வது என்பதைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.

பிராந்தியக் கடல்கள் திட்டம் பொதுவாக மூன்று படிகளில் ஏறும். முதலில் அயல் நாடுகள் ஒரு செயற்றிட்டத்தை ஏற்கும். அது நல்லெண்ண ஆவணம் மட்டுமே. அடுத்து, கையொப்பமிட்ட நாடுகளைச் சட்டத்தால் கட்டுப்படுத்தும் சமவாயம் வரும். பின்னர் எண்ணெய்க் கசிவு, தரையிலிருந்து வரும் கழிவு போன்றவற்றுக்குத் தனித்தனி நெறிமுறைகள் வரும். மத்தியதரைக் கடல் நாடுகள் 1975இல் செயற்றிட்டத்தையும், மறு ஆண்டே பார்சலோனா சமவாயத்தையும் கண்டுவிட்டன. இங்கோ, கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்காசியக் கூட்டுறவுச் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 1982இல் உருவான போதிலும், இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம், மாலைதீவு ஆகிய ஐந்து நாடுகளும் தெற்காசியக் கடல்களுக்கான செயற்றிட்டத்தைப் புதுடில்லியில் ஏற்றது 1995 மார்ச்சில்தான். இரண்டாம் படியில் இன்னும் கால் வைக்கவில்லை.

ஆனாலும் முதற்படியில் நின்றபடியே ஒரு வேலை ஓரளவு நடக்கிறது. எண்ணெய், இரசாயனக் கசிவுகளுக்கென ஐந்து நாடுகளுக்கும் பொதுவான அவசரத் திட்டமும் புரிந்துணர்வு ஒப்பந்தமும் இருக்கின்றன. ஒவ்வொரு நாடும் அழைப்பை ஏற்கும் ஓர் அமைப்பை முன்கூட்டியே குறித்து வைத்திருக்கும். இந்தியாவுக்கு அது கரையோரக் காவற்படை. விபத்து நடந்ததும் செய்தி அவ்வமைப்புகளுக்குப் போகும். காற்று, ஓட்டம் ஆகியவற்றின் கணக்கைக் கொண்டு எண்ணெய்ப் படலம் எந்தக் கரையை நோக்கி நகரும் என்று மதிப்பிடுவார்கள். தன் கையிருப்புப் போதாத நாடு அயலவரைக் கூப்பிடும். 2020 செப்டெம்பரில் ஏறத்தாழ 270,000 தொன் மசகு (கச்சா) எண்ணெயுடன் நியூ டயமண்ட் கப்பல் எங்கள் கிழக்குக் கடலில் தீப்பற்றியபோது இந்தியக் கப்பல்களும் வந்து அணைத்தன. மசகு எண்ணெய் கடலில் கொட்டவில்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலுக்கும் அவர்கள் வந்தார்கள். எனினும், அதில் இருந்த ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் குறுமணிகள் கரையெங்கும் பரவின. உழுந்தளவான அந்த வெள்ளை மணிகளை மணலிலிருந்து சல்லடையால் அரித்தெடுத்தார்கள். 2025 மே மாதம் கேரளக் கடலில் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலின் மணிகளோ குமரிமுனையைச் சுற்றிச் சோளக ஓட்டத்தோடு மன்னார்க் கரைக்கே வந்து சேர்ந்தன.

எரியும் கப்பல் எல்லோர் கண்ணிலும் படும். புகை தெரிந்தால் தொலைபேசி அடிக்கும். ஆனால் பாக்கு விரிகுடாவின் பெரிய சேதம் புகையாத சேதம். கடலடியில் இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடியின் வாயை விரித்துப் பிடிக்கும் பாரமான இரு பலகைகள் அடித்தளத்தை உழுதுகொண்டு போகும்போது கடற்புல் வேரோடு பெயர்கிறது. கிளம்பும் சேறு வெளிச்சத்தை மறைப்பதால் எஞ்சிய புல்லும் நலிகிறது. இறாற் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளரும் இடம் அந்தப் புல்தான். இலங்கை 2017இல் சட்டம் இயற்றி இழுவைமடியைத் தடை செய்தது. எல்லையைக் கடந்து வரும் தமிழகத்து றோலர் படகுகளைப் பற்றிப் பேசும்போது, எங்கள் பக்கத்திலும் அந்த மடியை இழுத்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தமிழ்நாடு அரசு 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது; இலங்கை 2015இல் ஆதாம் பாலத்தைத் தேசியப் பூங்காவாக்கியது. இரண்டும் நல்ல முடிவுகளே, ஆனால் தத்தம் வீட்டில் இருந்துகொண்டு எடுத்தவை. எண்ணெய்க் கசிவுக்கு இருப்பதைப் போல, 'புல் குறைந்துவிட்டது' என்று ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு எடுத்துச் சொல்லவும் உடனே பதில் பெறவும் வழி வேண்டும் என்பது என் எண்ணம்.

கடற்பசு அந்தப் புல்லை மட்டுமே நம்பி வாழ்கிறது. மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு கன்றை ஈனும் அது, ஓராண்டுக்கும் மேலாகச் சினையாய் இருக்கும். அந்தக் காலத்துக்குள் வாடையும் சோளகமும் ஒவ்வொரு தடவையாவது வீசி முடிந்திருக்கும்.